இடது கன்னத்தில் கடல்

முன் சக்கரம் மண்ணை விட்டதும் சத்தம் போய்விடும். எஞ்சின் கத்திக்கொண்டுதான் இருக்கும். எனக்குக் கேட்காது. எதிரே பாதையும் இருக்காது. விளக்கும் சக்கரமும் மேலே வந்து பாதையை மறைத்துவிடும். சக்கரம் காற்றில் சும்மா சுற்றும். அதன் கம்பிகளுக்கு நடுவே வானம் தெரியும். சில நாள் ஒரு பருந்து தெரியும். தூக்கத்தில் பறப்பது போல இருக்கும். ஆனால் கை வலிக்கும். அதனால் தூக்கமில்லை என்று தெரியும்.

இதற்கு எங்களிடம் பெயர் கிடையாது. குப்பத்து ஆட்கள் "அணியம் தூக்குறான்" என்றார்கள். கட்டுமரத்தின் முன்பக்கம்தான் அணியம். கரையோரத்து அலையில் ஏறும்போது அணியம் தூக்கும். நேராக ஏறினால் அலை அந்தப் பக்கம் இறக்கிவிடும். கொஞ்சம் கோணினாலும் புரட்டிப் போடும். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான்.

நான் கடலுக்குப் போகாதவன். சாந்தோம் குப்பத்தில் பிறந்தும் போகவில்லை. கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. அலை தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். அப்பா பல தடவை கூட்டிப் போய்ப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். லஸ் பக்கத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் சேர்ந்தேன். டியூப் ஒட்டுவது, துடைப்பது, தள்ளுவது.

என் மனைவியின் தம்பி கடலுக்குப் போகிறவன். நல்ல தோள். நல்ல வாய். என்னைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டான்.

"மாமா, இன்னிக்கு டிராம்ல ஏறினியாமே. வாந்தி எடுத்தியா?"

"போடா."

"அக்கா, மாமாவுக்கு எலுமிச்சம்பழம் குட்த்து அனுப்பு. ஷெட்டுக்குப் போற வழியில குளம் கீது."

மோட்டார் சைக்கிளில் எனக்கு வாந்தி வரவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கியபோதும் வரவில்லை. அதே அலைதான். அதே தூக்கல்தான். ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது.

வண்டி என்னுடையது இல்லை. மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளையுடையது. வாங்கிய வாரமே அவர் அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளை அதை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து ஒளித்து வைத்தார்.

"நிறுத்தியே வெச்சா துரு ஏறிடும்டா. நீ ஓட்டிண்டே இரு. எங்காத்துப் பக்கம் மட்டும் வந்துடாதே. அப்பா சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சுடுவார்."

"சரி சாமி."

அதனால் நான் கடற்கரைப் பக்கம் ஓட்டினேன்.

மாதா கோயிலுக்குத் தெற்கே, அடையாறு கடலில் விழுகிற இடம் வரைக்கும் ஈரமணல் கெட்டியாக இருக்கும். தண்ணீர் பின்வாங்கின நேரத்தில் தார் ரோடு போல இருக்கும். வேலை முடிந்து சாயங்காலம் அங்கே போவேன். மச்சானும் வருவான். உடைந்த மரப்பலகை ஒன்றை மணலில் சரிவாகப் போடுவான். நான் அதன்மேல் ஏற்றி, பின்னால் சாய்ந்து, கைப்பிடியை முறுக்குவேன். அணியம் தூக்கும்.

தூக்குவது சுலபம். நேராக நிறுத்துவதுதான் வேலை. முன் சக்கரம் தரையில் இல்லாதபோது திருப்ப ஒன்றும் இல்லை. ஒரு கை கூடுதலாக இழுத்துவிட்டால் வண்டி அந்தப் பக்கம் போகும். உட்கார்ந்த இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் போகும். கைகள் சமமாக இழுக்க வேண்டும். முழங்கால் பெட்ரோல் டாங்கியை விடக்கூடாது. திருத்த வேண்டுமென்றால் பாதத்தால் அழுத்த வேண்டும். ரொம்பத் தூக்கினால் பின் பிரேக்கைத் தொட வேண்டும். மிதிக்கக்கூடாது, தொட வேண்டும்.

இதெல்லாம் விழுந்து விழுந்து வந்தது. ஆனாலும் வண்டி கோணிக்கொண்டே இருந்தது. சக்கரத்தைப் பார்த்தேன், கோணியது. கீழே பார்த்தேன், விழுந்தேன். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒருநாள் பார்க்காமல் விட்டேன். கண் திறந்துதான் இருந்தது, பார்க்கவில்லை. இடது கன்னத்தில் கடல்காற்று அடித்தது. ஒரே மாதிரி, ஒரே இடத்தில். அது மூக்குப் பக்கம் நகர்ந்தால் வண்டி கடல் பக்கம் திரும்புகிறது. காதுப் பக்கம் போனால் கரைப் பக்கம் திரும்புகிறது. கன்னத்திலேயே வைத்துக்கொண்டேன். பலகையிலிருந்து படகுகள் கிடக்கிற இடம்வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தால் மணலில் ஒரே ஒரு தடம். கயிறு கட்டி இழுத்தது போல இருந்தது.

மச்சான் ஓடி வந்தான். கேலி செய்யவில்லை. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அலை வந்து அதை எடுத்துக்கொண்டு போனது.

அதிலிருந்து அவன் கூடவே ஓடிவந்து கத்துவான். "கடல் பக்கம் போற, கரைப் பக்கம் அழுத்து!" என் கால் தானாக அழுத்தும். எப்போதும் வடக்கிலிருந்து தெற்கேதான் தூக்குவேன். திரும்பி வரும்போது அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாதாரணமாக வருவேன். ஆகவே எனக்குக் கடல் என்றால் இடது. கரை என்றால் வலது. அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் வக்கீல் பிள்ளை ஷெட்டுக்கு வந்தார்.

"கல்யாணம் நிச்சயமாயிடுத்துடா. மாமனார் கார் தரார். இதை வித்துடப்போறேன். மெட்ராஸுக்கு வெளியில ஆள் கிடைச்சுட்டான்."

"எப்போ சாமி?"

"வர்ற வாரம் வந்து எடுத்துண்டு போவான்."

நான் துணியை எடுத்து வண்டியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த வண்டிதான்.

வண்டி போனால் எனக்கு அணியம் தூக்குவதும் போயிற்று. வேறு யார் வண்டியைத் தருவார்கள்? மறுபடி டியூப், மறுபடி துணி. அப்பா ஏறின அலை எனக்கு இல்லை. இந்த ஒரு அலையும் போகப்போகிறது. வீட்டில் சொன்னேன். மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கிண்டியில மோட்டார் வேடிக்கை காட்டுற கம்பெனி வந்துகீதாம். வண்டி ஓட்ட ஆள் தேடுறானாம். மார்க்கெட்ல பேசிக்கினு இருந்தாங்க."

"ஊர் ஊராப் போவான் அவன்."

"போனா போவோம். நீ இங்க உக்காந்துகினு மோட்டுவளையப் பாத்துகினு கெடந்தா மட்டும் எனக்கு இன்னா கெடைக்கும்?"

மறுநாள் காலையே போனோம். மச்சான் பின்னால் உட்கார்ந்தான். மனைவி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு, சைதாப்பேட்டை வழியாக விற்றுக்கொண்டே வருவதாகச் சொன்னாள்.

கம்பெனி, குதிரைப் பந்தய மைதானத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் கூடாரம் போட்டிருந்தது. முதலாளி தெலுங்கு பேசுகிறவர். கழுத்தில் பட்டுத்துணி. பொட்டலின் நீளத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தார். இரண்டு பக்கமும் மூங்கிலில் கட்டிய துணிக்கொடிகளை நட்டிருந்தார். இரண்டு கோடியிலும் சரிவாக ஒரு பலகை கிடந்தது.

"கோட்டு மேல பின் சக்கரம் ஓடணும். முன் சக்கரம் ஆகாசத்துல இருக்கணும். கொடி ஒண்ணுகூட சாயக்கூடாது. ஜனங்க அந்தக் கொடிக்கு அப்பால உக்காந்திருப்பாங்க, நைனா. நீ கோணினா அவங்க மடியிலதான் விழுவே."

வாசல் தெற்கே இருந்தது. அங்கிருந்தே கிளம்பச் சொன்னார். வடக்குப் பார்த்துக் கிளம்பினேன். பலகை ஏறினேன். தூக்கினேன்.

கன்னத்தில் ஒன்றும் இல்லை. காலை நேரம். கடல்காற்று இன்னும் எழவில்லை. சுற்றிலும் பொட்டல், மேலே வெளுத்த வானம். நான் எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. வண்டி வலது பக்கம் நகர்கிறது என்று வயிறு சொன்னது.

மச்சான் ஓடிவந்துகொண்டே கத்தினான். "கடல் பக்கம் போற! கரைப் பக்கம்! கரைப் பக்கம் அழுத்து!"

என் வலது கால் அழுத்தியது.

கொடிகள் வரிசையாகச் சாய்ந்தன. குதிரைக்கு வைத்திருந்த வைக்கோல் போரில் போய் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஆகவில்லை. கம்பெனி ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கரைப் பக்கம்னேனே மாமா!"

"கரைப் பக்கம்தான்டா அழுத்தினேன்."

"கடலு தோ, அங்க கீது. அப்போ கரை உன் பீச்சாங்கை பக்கம் இல்ல?"

"என் காலுக்கு சோத்தாங்கை பக்கம்தான்டா கரை."

முதலாளி வைக்கோலை எடுத்து வாயில் வைத்துக் கடித்தார். "இது கிண்டி, நைனா. கடலும் இல்ல, கரையும் இல்ல. வண்டியை எடுத்துகினு போ."

நான் போகவில்லை. அந்தக் கோடியிலிருந்து தெற்கே பார்த்து இன்னொரு தடவை வருகிறேன் என்றேன். மத்தியானம் கடல்காற்று எழும், அதுவரைக்கும் இருக்க விடுங்கள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"காத்து வந்தாத்தான் ஓட்டுவியா? நீ ரைடரா, பட்டமா?"

"காத்து வந்தா நேரா ஓட்டுவேன்."

"கூடார நிழல் அந்தத் தண்ணித்தொட்டியத் தொடுற வரைக்கும் இரு. அப்பால ராத்திரி ஆட்டத்துக்கு இடம் பெருக்கணும்."

புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மச்சான் கொடிகளைத் திரும்ப நட்டுவிட்டு வந்து படுத்தான். மனைவி வந்து சேர்ந்தாள். கூடையில் கொஞ்சம்தான் மீதி. நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. தம்பியின் தலையில் ஒன்று வைத்தாள்.

வெயில் நின்று எரிந்தது. தூரத்தில் மின்சார ரயில் போகிற சத்தம் வந்தது. அது வந்த புதிது. அப்புறம் அதுவும் இல்லை. இலை அசையவில்லை. பொட்டலில் கானல் ஓடியது. சுண்ணாம்புக் கோடு அதில் மிதந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் அது அலை நுரை போலவே இருந்தது. நான் தூங்கினேனா தெரியாது. அப்பா அணியத்தில் நின்று, முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தார். நான் ஈரமணலில் நின்றேன். அவர் திரும்பவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

கண் விழித்தபோது நிழல் தொட்டிக்குக் கிட்டே வந்துவிட்டது. காற்று வரவில்லை. அந்த ஊரில் சில நாள் அது வராமலே போகும்.

"வராது மாமா," என்றான் மச்சான். "வா, போலாம். வண்டியாவது முழுசா கீது."

முதலாளி தூரத்தில் நின்று கையைக் காட்டினார்.

மனைவி எழுந்தாள். கூடையை மூடியிருந்த துணியை எடுத்தாள். காலையில் கடல் தண்ணீரில் நனைத்த துணி. மீன்மேல் கிடந்ததால் இன்னும் ஈரம் இருந்தது. அதை என் இடது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். காதிலிருந்து மூக்குவரை தேய்த்தாள். உப்பு உதட்டில் பட்டது. மீன் வாடை மூக்கில் ஏறியது.

"தோ, கடலு. வந்துட்ச்சி. போ."

வடக்குக் கோடிக்குப் போனேன். தெற்கே பார்த்து நின்றேன். கிளப்பினேன். வண்டி ஓட ஓட ஈரக் கன்னம் குளிர்ந்தது. மற்ற கன்னம் காய்ந்து கிடந்தது. பலகை. சாய்ந்தேன். முறுக்கினேன். அணியம் தூக்கியது.

சத்தம் போயிற்று. கம்பிகளுக்கு நடுவே வானம் வந்தது. இடது பக்கம் கடல் இருந்தது. நான் பார்க்கவில்லை. இருந்தது. அலை விழுந்து பின்வாங்குவதுகூடத் தெரிந்தது. மச்சான் கத்தவில்லை. அவனை வாயை மூடிக்கொண்டு ஓடும்படி அக்கா சொல்லியிருந்தாளாம். கால் ஒருமுறை வலது பக்கம் மெல்ல அழுத்தியது. பிறகு இடது பக்கம். கைகள் இரண்டும் ஒரே கயிற்றை இழுப்பது போல இழுத்தன. குளிர்ச்சி கன்னத்திலேயே நின்றது.

பாதிவழியில் காற்று வந்தது. நிஜக் காற்று, கிழக்கேயிருந்து. கொடிகள் படபடத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். மச்சான் இன்றும் காற்றே வரவில்லை என்பான். வண்டி போன வேகத்தில் கொடித்துணி ஆடியது என்பான். மனைவி காற்று வந்தது என்பாள். தன் தலைமுடி பறந்தது என்பாள்.

வாசல் வந்ததும் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் இறங்கியது. சத்தமெல்லாம் திரும்பி வந்தது.

முதலாளி கோட்டின்மேல் நடந்து பார்த்தார். சுண்ணாம்பு நடுவில் ஒரு தடம். கடைசிவரை நடந்து, திரும்பி நடந்து வந்தார். என் அருகில் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா வாடை இது?"

"கடலு," என்றாள் என் மனைவி.

வக்கீல் பிள்ளையின் வண்டி அந்த வாரம் போய்விட்டது. நான் துடைத்துக் கொடுத்தேன். கம்பெனியில் எனக்கு வேறு வண்டி தந்தார்கள். அது இன்னும் கனம். கூடாரத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றியபோது நானும் மனைவியும் ஏறினோம். மச்சான் ஸ்டேஷனுக்கு வந்தான். எலுமிச்சம்பழம் கொடுத்தான்.

பிறகு போன ஊர்களில் கடல் இல்லை. மலை இருந்தது, பாறை இருந்தது, பருத்திக்காடு இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவள் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு கை உப்புப் போடுவாள். துணியை நனைத்து என் இடது கன்னத்தில் வைப்பாள். கம்பெனி ஆட்கள் அதை மாதா கோயில் தீர்த்தம் என்று நினைத்தார்கள். ஓரிருவர் தங்களுக்கும் கேட்டார்கள். அவள் அவர்களுக்கும் கொடுத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.