செல்லூர்ப் படகுக்கு மூணாவது ஆள்

தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சேலை நெய்யிற ஒரு மனுஷன், தண்ணியில தத்தளிக்கிறவங்களைக் காப்பாத்துறதுக்குப் பரீட்சை கொடுக்கப் போறார்னு கேட்டதும் செல்லூர்த் தெருவே சிரிச்சது. சிரிக்கட்டுமே! சிரிச்ச அம்புட்டுப் பேருக்காகவும் சேர்த்துத்தான் அவர் போனார். ரெண்டாவது உலகச் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு நாலஞ்சு வருஷம் முந்தி நடந்தது இது. அவர் பேரு துளசிராம். வீட்டுல சௌராஷ்டிரம், தெருவுல தமிழ், கோவம் வந்தா ரெண்டும் கலந்து கொட்டும். வயசு நாப்பதை நெருங்கிக்கிட்டிருந்தது.

எதுக்கு இந்த வயசுல இந்த வேலைன்னு கேட்டா, அதுக்குக் காரணம் பால்காரி இருளாயி. முந்தின வருஷம் ஐப்பசியில வைகை கரை மீறி செல்லூர்ச் சந்துக்குள்ள புகுந்தது. செல்லூர் இருக்கிறது வடகரை, படகு வெச்சிருந்தவங்க எல்லாம் ஆத்துக்குத் தென்கரையில. பாலத்து மேலயும் ஆளை விடலை. இருளாயி மாட்டை அவிழ்த்து விடப் போனவ, திரும்பி வர வழியில்லாம தொழுவத்துத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. துளசிராம் ஒரு கயித்தை எடுத்து வீசினார். எட்டலை. மறுபடி வீசினார், ஆத்தோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு. சுருட்டி எடுத்து மறுபடி வீசுறதுக்குள்ள தூண் இருந்தது, இருளாயி இல்லை. அவருக்கு நீச்சல் நல்லாவே தெரியும். ஆனா கயித்தை எப்படிச் சுருட்டணும், எப்படி வீசணும், ஒண்ணும் தெரியலை. வீட்டுக்கு வந்து பொண்டாட்டி வசுந்தராகிட்ட, "கையில கயிறு இருந்தும் ஒரு பொம்பளையைப் போக விட்டுட்டேன்டி"ன்னு சொல்லிச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அதுக்கப்புறம்தான் ஊர்ப் பெரிய மனுஷங்க சில பேரு சேர்ந்து வெள்ளத் தொண்டர் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சம்பளம் கிடையாது. தேறினா கையில கட்டிக்கிற வெள்ளைப் பட்டை ஒண்ணு உண்டு, அம்புட்டுதான். ஆனா ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. எந்தப் பேட்டையில பரீட்சை தேறின ஆள் மூணு பேரு இருக்காங்களோ, அந்தப் பேட்டைக்கு ஒரு பரிசல் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. துடுப்புக்கு ஒருத்தர், கயித்துக்கு ஒருத்தர், தண்ணிக்குள்ள குதிக்க ஒருத்தர். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் பரிசல் கிடையாது. குறையோட அனுப்பினா காப்பாத்தப் போனவனையும் சேர்த்துல்ல தேடணும்?

செல்லூர்ல ரெண்டு பேரு முதல் தடவையிலயே தேறிட்டாங்க. ஒருத்தர் சாயப்பட்டறை நாகசுப்பிரமணியன். இன்னொருத்தன் நல்லகாமன், வாடிப்பட்டிப் பக்கத்துக் கம்மாய்க்கரையில வளர்ந்து, வண்டி ஓட்டப் பிழைப்புக்கு வந்து செல்லூர்லயே தங்கிட்டவன். மூணாவது ஆள் துளசிராம்தான்னு ஆகிப்போச்சு. அவர் தேறினா செல்லூருக்குப் படகு. இல்லைன்னா அடுத்த ஐப்பசிக்கும் கரையில நின்னு கத்த வேண்டியதுதான்.

பழக்குறதுக்கு வந்தவர் சாரங்கு பாய். தொண்டிக்காரர். ரங்கூன், பினாங்குன்னு கப்பல்லயே பாதி ஆயுசைக் கழிச்சவர். கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரியா இருந்ததால சாரங்குன்னே பேரு நிலைச்சுப்போச்சு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டோட மதுரையில வந்து தங்கியிருந்தார். ஞாயித்துக்கிழமை காலையில வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில அவர் குரல் கேட்டா, எதிர்க்கரையில துணி துவைக்கிறவங்க கூட நிமிர்ந்து உட்காருவாங்க.

அவர் வெச்ச வேலை கொஞ்சமா நஞ்சமா? மொதல்ல டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுப் பார்த்துச் சரின்னு சொல்லணும். வேட்டி சட்டையோட நீந்திப் போய் நடு மண்டபத்தைத் தொட்டுட்டு வரணும். வெறும் துண்டைக் கட்டிக்கிட்டு எவன் வேணும்னாலும் நீந்துவான், வெள்ளம் வர்றப்போ நீ துண்டோடயா இருப்பேன்னு கேட்பார். கயித்தைச் சுருட்டி, மிதக்கவிட்ட தேங்காயைத் தாண்டி விழுற மாதிரி வீசணும். முங்கினவங்களைக் குப்புறப் போட்டு, விலாவுக்குப் பின்னால அமுக்கி அமுக்கி மூச்சை வரவழைக்கணும். "எங்க ஊர்ல தலைக்கு மேல தூக்கிக் கிறுகிறுன்னு சுத்துவோம் பாய், தண்ணி தானா கொட்டிரும்"னு நல்லகாமன் ஒரு தடவை சொல்லிப்போட்டான். "அட அல்லாவே! பாதி உசுரோட வந்தவனை நீ முழுசா அனுப்பி வெச்சிருவியே!"ன்னு பாய் போட்ட கூப்பாட்டுல குளத்துப் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது.

துளசிராம் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டார். நாளெல்லாம் தறி மிதிச்ச காலுக்கு நீச்சல் ஒரு பாரமே இல்லை. கயிறு வீசுறதுல அவர்தான் முதல். வெறி பிடிச்ச மாதிரி வீட்டு முற்றத்துல வீசிப் பழகி, வசுந்தராவோட துளசி மாடத்தை ரெண்டு தடவை சாய்ச்சிருக்கார். "தறி சும்மா கெடக்கு, முற்றத்துல மீன் பிடிக்கிறாரு எங்க வீட்டுக்காரரு"ன்னு அவ பக்கத்து வீட்டுல சொல்லிச் சிரிப்பா. ஆனா சாய்ஞ்ச மாடத்தை நிமிர்த்தி வெச்சுட்டு, கயித்தையும் அவளே காயப்போட்டு வைப்பா.

பரீட்சை நாள் வந்தது. நீச்சல் ஆச்சு, வீச்சு ஆச்சு, மூச்சு ஆச்சு. கடைசியா முடிச்சு. ஆபத்துல இருக்கிறவங்க மாருக்குக் கீழே கயித்தைச் சுத்தி, இறுகாத வளையமா முடிச்சுப் போடணும். அந்த ஆளைப் பரிசல்ல கூட்டிட்டுப் போய் ஆழத்துல இறக்கிவிட, பரீட்சை கொடுக்கிறவர் படியில நின்னு இழுத்துக் கரை சேர்க்கணும். அன்னிக்குத் தத்தளிக்கிற ஆளா நின்னவன் நல்லகாமன். துளசிராம் வளைய முடிச்சை அழகாப் போட்டார். பாய் கூட எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிட்டு, பரிசலுக்குச் சைகை காட்டத் திரும்பினார். அந்தக் கண நேரத்துலதான் துளசிராம் கை ஒரு காரியம் பண்ணிருச்சு.

நெசவாளி கை அது. தறியில இழை அறுந்தா முடிச்சைப் போட்டு, மிச்சம் நீட்டிக்கிட்டிருக்கிற வாலை ஒட்ட நறுக்கிரணும். விட்டா அச்சுல மாட்டிப் பக்கத்து இழையையும் சேர்த்து அறுத்துரும். இருபது வருஷத்துக்கு மேல முடிச்சும் நறுக்கும் அந்தக் கைக்கு ஒரே வேலை. முடிச்சுல ஒரு சாண் வால் தொங்கணும்னு பாய் தொண்டை வத்தச் சொல்லியிருந்தார். தொங்கத்தான் செஞ்சது. துளசிராம் இடுப்புல இருந்த சூரிக்கத்தியை எடுத்தார், நறுக்குன்னு ஒட்ட வெட்டினார், வெட்டினதைக் கீழே போட்டார். வெட்டினது அவருக்கே தெரியாது.

பரிசல் போச்சு. நல்லகாமன் இறங்கினான். துளசிராம் இழுத்தார். பாதி தூரத்துல கயிறு திடீர்னு லேசாச்சு. கயிறு மட்டும் வந்தது, ஆள் வரலை.

நல்லகாமனுக்கு ஒண்ணும் ஆகலை, அவன் வாய் நிறைய தண்ணியோட நீந்தி வந்து, "அண்ணே, என்னைய எங்கண்ணே விட்டுட்டு வந்தீக?"ன்னு கேட்டான். கரையில இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சாரங்கு பாய் சிரிக்கலை. படியில கிடந்த சாண் கயித்தை எடுத்துத் துளசிராம் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, இது என்ன?"

"வால்..."ன்னார் துளசிராம். அப்பதான் அவருக்கே புரிஞ்சது.

"வாலை வெட்டினா பாரம் இழுக்கையில முடிச்சு உருவிக்கிட்டு ஓடும்னு எம்புட்டுத் தடவை சொல்லியிருக்கேன்? இன்னிக்கு நீச்சல்காரன், பிழைச்சான். போ. அடுத்த மாசம் வா. அப்ப நீச்சல் தெரிஞ்சவனைக் கட்டி இழுக்கிற கதையெல்லாம் வேணாம். சுத்தமா நீச்சல் தெரியாத ஆள் ஒருத்தரை உங்க பேட்டையில இருந்தே கூட்டிட்டு வா. அவங்களா இஷ்டப்பட்டு வரணும். உன் முடிச்சை நம்பி உன் ஊர்ல ஒருத்தரும் இறங்க மாட்டாங்கன்னா, நான் எதை நம்பி உனக்குப் படகு கொடுக்கிறது?"

நியாயமான பேச்சுதான். ஆனா செல்லூர்ல எவன் வருவான்? கயிறு மட்டும் வந்த கதை அவர் வீடு வந்து சேர்றதுக்கு முந்தியே தெரு முழுக்க வந்து சேர்ந்திருந்தது. துளசிராம் வீடு வீடா ஏறி இறங்கினார். ஒருத்தருக்குக் காதுல சீழ். ஒருத்தருக்கு விரதம். இன்னொருத்தர் ஊருக்குப் போறேன்னுட்டு அன்னிக்கெல்லாம் மாடியிலயே உட்கார்ந்திருந்தார். கூடப்பிறந்த தம்பியே, "அண்ணா, என் ஜாதகத்துல ஜலகண்டம் இருக்கு, உனக்குத் தெரியாதா?"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். தெரியாது. அதுவரைக்கும் யாருக்குமே தெரியாது.

ஆனா ராப்பகலா அவர் கை பழகிக்கிட்டேதான் இருந்தது. தறியில முடிச்சு, நறுக்கு. கயித்துல முடிச்சு, கையை மடக்கி முதுகுக்குப் பின்னால கட்டு. சூரியை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டுத்தான் கயித்தைத் தொடுறதுன்னு வழக்கம் பண்ணிக்கிட்டார்.

மறு பரீட்சைக்கு ஆள் கிடைக்காமலேயே கிளம்பினார். நாகசுப்பிரமணியனும் நல்லகாமனும் கூட வந்தாங்க, வேடிக்கை பார்க்கத் தெருவுல பாதி வந்தது. வேடிக்கைக்கு மட்டும் எவன் ஜாதகத்துலயும் கண்டம் இல்லை பாருங்க! தெப்பக்குளத்துப் படியில பாய் கேட்டார், "எங்கப்பா உன் ஆளு?"

துளசிராம் பட்ட அவமானத்தை என்னன்னு சொல்ல. படகு போச்சுன்னு கூட அவர் அப்ப நினைக்கலையாம். நம்ம ஊர்ல நம்மளை நம்ப ஒரு சீவன் இல்லையேங்கிறதுதான் பெரிசாத் தெரிஞ்சதாம்.

"நான்தான் அந்த ஆளு"ன்னு கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு குரல்.

வசுந்தரா. சேலையை இறுக்கிச் சொருகிக்கிட்டுப் படியிறங்கி வந்தா. குடத்தை முக்குற ஆழத்துக்கு மேல வாழ்க்கையில தண்ணியில கால் வைக்காதவ. துளசிராம் பதறிப்போய், "ஏய், உனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்குப் போ"ன்னார். சாரங்கு பாயும் கையை ஆட்டினார். "வேணாம் தாயி. பொம்பளைகளை வெச்சுப் பரீட்சை பண்ற வழக்கமில்லை."

"போன வெள்ளத்துல போனது பொம்பளைதானே பாய்?"ன்னா வசுந்தரா. "அவளைக் காப்பாத்துறதுக்குத்தானே இந்தப் பரீட்சை? இல்லை, வெள்ளம் ஆம்பளைகளை மட்டும்தான் தூக்கிட்டுப் போகுமா?"

பாய் துளசிராம் பக்கம் திரும்பி, "கட்டு"ன்னார்.

துளசிராம் அவ காதோரம் குனிஞ்சு, "பயமா இல்லையா?"ன்னு கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு. உங்க முடிச்சுலதான் இருபது வருஷமா சோறு திங்கிறேன். நீங்க பாத்துக் கட்டுங்க."

கட்டினார். ஒரு சாண் வால் தொங்கவிட்டார். தன் கையைத் தானே நம்பாம, நல்லகாமனைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். பரிசல் கிளம்பிச்சு. நல்லகாமனும் நாகசுப்பிரமணியனும் ரெண்டு பக்கமும் நீந்திக்கிட்டே போனாங்க. ஆழத்துல பரிசல் நின்னது. வசுந்தரா கண்ணை மூடி, மீனாட்சி பேரைச் சொல்லி, விளிம்பைப் பிடிச்சிருந்த கையை விட்டா. தலை தண்ணிக்குள்ள போச்சு. கரையில பொம்பளைக கூச்சல் போட்டாங்க.

துளசிராம் இழுத்தார். கயிறு கனமா இருந்தது. அந்தக் கனம் குறைஞ்சிரக் கூடாதேன்னு அவர் மனசு அடிச்சுக்கிட்டதே, அப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கோவில்லயும் அவர் வெச்சதில்லை. கனம் குறையலை. தலை மேலே வந்தது, மூச்சு வாங்கிச்சு, படியோரம் வந்து சேர்ந்தது. அவர் இடுப்பளவுத் தண்ணியில இறங்கி அவளைத் தூக்கிப் படியில உட்கார வெச்சார். அவ இருமினா, மூக்கைச் சிந்தினா. மூச்சு வரவழைக்கிறதையும் மறுபடி ஒரு தடவை செஞ்சு காட்டணும், குப்புறப் போடுன்னு பாய் சொன்னதும், "அதெல்லாம் என்கிட்ட நடக்காது, நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்"னு எழுந்திருச்சுட்டா. பாய்க்கு அப்பதான் சிரிப்பு வந்தது. நல்லகாமனைக் குப்புறப் படுக்கவெச்சு அந்தப் பாடத்தை முடிச்சாங்க.

பாய் முடிச்சைத் தானே வந்து தடவிப் பார்த்தார். நனைஞ்சு இறுகியிருந்தது, அசையலை. கூட்டத்தைப் பார்த்து அந்தக் கப்பல் குரல்ல சொன்னார், "செல்லூருக்கு மூணு ஆள்! படகை எடுத்துட்டுப் போங்க!"

எடுத்துட்டுப் போறதாவது! ஜலகண்டக்காரர்ல இருந்து காதுல சீழ்க்காரர் வரைக்கும், நான் நீன்னு முண்டியடிச்சு அந்தப் பரிசலைத் தலைமேல கவிழ்த்துத் தூக்கிக்கிட்டாங்க. தெப்பக்குளத்துல இருந்து ஊரைச் சுத்தி, பாலத்தைத் தாண்டி, செல்லூர் வரைக்கும் ஊர்வலம். முன்னால துளசிராம், கையில வெள்ளைப் பட்டையோட, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு. ஈரச் சேலை காயாம ரெண்டு அடி பின்னால வசுந்தரா. சந்து முனையில தண்ணிக் குடத்தோட நின்ன பொம்பளைகள்ல ஒருத்தி, "யாரு பாஸாயிட்டா?"ன்னு கேட்டா. "நம்ம வசுந்தரா பாஸாயிட்டாடி!"ன்னு இன்னொருத்தி கத்தினா.

துளசிராமுக்குச் சுருக்குன்னது. திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தலையைத் துவட்டிக்கிட்டே வர்ற பொண்டாட்டியைப் பார்த்தார். இத்தனை பெரிய ஊர்ல தன்னை நம்பின ஒரே ஆள். அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ வெள்ளம் வந்தது, அந்தப் படகு எத்தனையோ பேரைக் கரை சேர்த்தது. யார் வந்து பாராட்டினாலும் சரி, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து கைகொடுத்தப்பவும் சரி, அவர் அதே பதிலைத்தான் சொன்னார்.

"பரீட்சையில தேறினது அவதாங்க. நான் கயித்தை மட்டும்தான் பிடிச்சிருந்தேன்."