முப்பத்தொன்பது குன்றிமணி

2024 ஜூன் 12: புளியங்கொட்டை ஒரு படி. விலை இல்லை.
ஜூலை 3: முனை மழுங்கிய கத்தரிக்கோல் 10. ரூ. 350.
ஆகஸ்ட் 20: தராசு செய்யக் கொட்டாங்கச்சி 4, நைலான் கயிறு. ரூ. 15.
செப்டம்பர் 5: களிமண் ஒரு கூடை, ரூ. 40. குன்றிமணி 40, ரூ. 20.
செப்டம்பர் 6, பிற்பகல் 3.10: குன்றிமணி 39.

இவை எங்கள் பள்ளி மழலை வகுப்பின் பாலசேவிகா செல்வகுமாரியின் குறிப்புப் புத்தகத்தில் உள்ளவை. கடைசி வரியை அவர் எழுதியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பு. மாதக் கணக்கைச் சரிபார்க்க அன்று அவர் வகுப்புக்குப் போயிருந்தேன்.

செல்வகுமாரிக்கு நாற்பத்தொரு வயது. காட்டேரிக்குப்பத்தில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, கரிக்கலாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். முதலில் ஆறு ஆண்டு ஒரு தனியார் நர்சரியில் வேலை பார்த்தார். அங்கே நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் மூன்று டம்ளர் எடுத்து வரச் சொன்னால், ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் வெளியே வந்ததாகச் சொல்வார். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பதினோரு ஆண்டுகளாக அவர்தான். ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் உண்டு.

அவர் வகுப்பில் பிள்ளைகள் மூடியால் மணலை அளப்பார்கள், கொட்டாங்கச்சித் தராசில் புளியங்கொட்டையை நிறுப்பார்கள். ஒரு மூலையில் காலி மருந்துப் பெட்டிகளும் ஒரு துணிப் பொம்மையும் இருக்கும். அது ஆஸ்பத்திரி. எந்தப் பொருளையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார். எண்ணுவதும் பிள்ளைகள்தான்.

செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. எல்லா மதத்துப் பிள்ளைகளும் செய்யட்டும் என்று பாடக் குறிப்பில் களிமண் யானை என்றே எழுதியிருந்தார். பதினெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு கண், முப்பத்தாறு குன்றிமணி. மீதி நான்கு டப்பாவில். லில்லி செய்தது மட்டும் வாலோடு யானையாகவே நின்றது. மற்றவை பெரும்பாலும் பிள்ளையாராகி உட்கார்ந்துவிட்டன. அவற்றில் ஒரு பிள்ளையாருக்கு ஒரு கண்தான் இருந்தது. செய்தவள் சுவேதா, நாலரை வயது.

"ஒம் புள்ளையாருக்கு இன்னொரு கண்ணு எங்கடி?" என்றார் செல்வகுமாரி.

"முழுங்கிட்டேன்."

"புள்ளையாரா?"

"நானு."

"டீச்சர், அவ சும்மா சொல்லுவா டீச்சர்," என்றாள் லில்லி.

பாயை உதறினோம். பெருக்கிப் பார்த்தோம். சுவேதாவின் பை, மூக்கு, காது எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை.

தலைமையாசிரியர் விஜயராஜ் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது டீச்சர். காலையில தானா வந்துரும். வெளிய சொல்லிக்காதீங்க."

செல்வகுமாரி சுவேதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "சார், இடிச்ச குன்றிமணிய மாட்டுக் கொட்டாயிலயே வெக்கக் கூடாதும்பாரு எங்கப்பா. மாட்டுக்கு விஷம்னு தெரிஞ்சி வெச்சிருந்தேன். புள்ளைங்க கையில குடுக்கும்போது அது தோணலயே."

ஷேர் ஆட்டோவை நிறுத்தி, சுவேதாவோடு செல்வகுமாரியும் நானும் ஏறினோம். வழியிலேயே செல்வகுமாரி குழந்தையின் தாய்க்குப் போன் செய்தார். 3.40-க்குக் கரிக்கலாம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டர் இளம்பெண். விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "முழுசா முழுங்கியிருந்தா பெரும்பாலும் பயமில்லைங்க. மேல்தோல் கெட்டி, அப்படியே வெளியே வந்துரும். கடிச்சு மென்னிருந்தா உயிருக்கே ஆபத்து. எதுன்னு தெரியணும்." குனிந்து குழந்தையிடம் கேட்டார். "கடிச்சியா கண்ணு?" சுவேதா தலையாட்டினாள். "முழுங்குனியா?" அதற்கும் ஆட்டினாள். "துப்பிட்டியா?" அதற்கும்தான்.

அப்போது தாய் தனக்கொடி வந்து சேர்ந்தார். களையெடுப்பிலிருந்து நேராக வந்ததால் முழங்கால் வரை சேறு.

"படிக்க அனுப்புனா கொட்டையத் துன்னக் குடுத்தியா டீச்சர்? எந்நேரமும் மண்ணு, கொட்டை, ஓடு! சிலேட்டுன்னு ஒண்ணு இருக்கறது தெரியாதா ஒனக்கு?"

செல்வகுமாரி தன் கைக்குட்டையைச் சுருட்டித் தலை போல முடிச்சுப் போட்டார். காகிதத்தைக் கிழித்துச் சின்ன உருண்டையாக்கினார். இரண்டையும் சுவேதாவின் மடியில் வைத்தார்.

"பாப்பாவுக்கு ஜொரம் கண்ணு. இன்னிக்கி ஆஸ்பத்திரி மூலையில இன்னா குடுத்தே? எனக்குச் செஞ்சி காட்டு."

சுவேதா உருண்டையை எடுத்துப் பொம்மையின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். டாக்டரின் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து, சாய்ப்பதுபோல் காட்டினாள். பொம்மையின் தலையைப் பின்னுக்குத் தள்ளி, "ளக்" என்றாள். பிறகு பொம்மையைக் கண்டித்தாள்: "கடிக்கக் கூடாது. கசக்கும்."

"நீயும் அப்டித்தான் முழுங்குனியா?"

"ம். தண்ணி ஊத்திக்கினு."

தனக்கொடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்றதுதான் டீச்சர் அது. மாத்திர குடுக்கறப்போ நான் சொல்றது."

டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். "நல்ல சேதிதான். ஆனா மணி வெளியே வந்ததைக் கண்ணால பார்க்காம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரி."

சனிக்கிழமை ஊரெல்லாம் கொழுக்கட்டை. இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் குச்சியுமாகக் காத்திருந்தார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இரண்டிலும் இல்லை. குழந்தைக்கு வாந்தி இல்லை. ஆனாலும் செல்வகுமாரி ஒரு வாய் சாப்பிடவில்லை.

"துன்னு டீச்சர். நீயும் படுத்துட்டா யாரு குச்சி புடிக்கிறது?" என்று இட்லிப் பொட்டலத்தை நீட்டினார் தனக்கொடி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏம்பா புள்ளையாரே, ஒங் கண்ணு ஒனக்கு வேணாமா?" என்றார்.

ஞாயிறு காலை 6.40-க்கு வந்தது. செல்வகுமாரி குழாயடியில் மூன்று முறை கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிவப்பு, ஒரு முனையில் கறுப்பு. கீறல் இல்லை, பல் பட்ட தடம் இல்லை. டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். தனக்கொடி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். செல்வகுமாரி அங்கேயே படியில் உட்கார்ந்து மிச்சமிருந்த இட்லி மூன்றையும் சாப்பிட்டார்.

"டீச்சர், கண்ண ஒட்டலாமா?" என்றாள் சுவேதா.

"ஒதை வாங்குவ."

திங்கட்கிழமை, நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பியவர் செல்வகுமாரியேதான். விஜயராஜ் வேண்டாம் என்றார். இவர் கேட்கவில்லை. 12-ஆம் தேதி விளக்கம் கேட்டு முதல் கடிதம் வந்தது. ஒப்பந்தப் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. வகுப்புப் பொருள்கள் எல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. பதினெட்டுப் பிள்ளைகளும் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். விசாரணைக்கு அழைத்து இரண்டாவது கடிதம் வந்தது.

26-ஆம் தேதி விசாரணை. குறிப்பெடுத்தவன் நான். புகார் ஏதும் உண்டா என்று அதிகாரி தனக்கொடியைக் கேட்டார்.

"எங்க வூட்டுப் புள்ளையாருக்கும் அதே குன்றிமணிதான் சார் கண்ணு. தெருவுல எல்லா வூட்லயும் அதான். வூட்ல முழுங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எங்க எண்ணுறோம் நாங்க? இவங்க எண்ணுனாங்க. அதான் எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போச்சு."

அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி.

செல்வகுமாரியின் ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. பிள்ளைகள் வாயில் போடக்கூடிய சிறு விதை, மணி எதையும் தராமல் மற்றச் செயல்பாடுகளைத் தொடரலாம். இவ்வளவும் சொன்ன மூன்றாவது கடிதம், அதுவே கடைசி, பள்ளிக்கு வந்து சேர்ந்தது 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை.