எஞ்சின் சூடேறும் வரை

சனிக்கிழமை, காலை 10.20. ரொறன்ரோவின் ஸ்காபறோவில், வோபர்ன் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆர்.வி. புறப்பட்டது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்த, இருபத்துநான்கு அடி நீளப் பழைய வண்டி. மாசிக் குளிரில் எவனாவது இதில் ஊர் சுற்றுவானா என்று கேட்காதவர்கள் இல்லை. என் மனைவி ஜெசிந்தாவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி மூன்று வருடம். ஒவ்வோர் இரவும் வயிற்றுக் குழாயை ஒரு மெஷினில் கொளுவிக்கொண்டு ஒன்பது மணி நேரம் படுக்கவேண்டும். அந்த மெஷினையும் மருந்துப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு எந்த ஹோட்டலுக்குப் போவது? அதனால் சக்கரம் வைத்த ஹோட்டலையே வாங்கிவிட்டேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவள் என்பதால் ரொறன்ரோவைவிட்டு வெகுதூரம் போகவும் முடியாது. உறைந்த ஏரி ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

401 நெடுஞ்சாலையில் கிழக்கே பிக்கரிங், அஜக்ஸ் தாண்டி, பிறகு வடக்கே. மொத்தம் 165 கிலோமீற்றர். வழியில் நிறுத்தி ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் 1.30க்கு பீற்றர்பறோவுக்கு அப்பால் ஏரிக்கரைக் காம்ப் கிரவுண்டுக்கு வந்துசேர்ந்தோம். மின்சாரத்தோடு ஓர் இரவுக்கு 52 டொலர். எழுபது வண்டிகள் நிற்கக்கூடிய இடத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. இடத்துக்காரர், தாடிவைத்த வெள்ளைக்காரர், எங்கள் வண்டியின் முன்பக்கம் தொங்கிய வயரைத் தூக்கிக் காட்டினார். அது பிளொக் ஹீட்டரின் வயர். பக்கத்தில் நிற்கும் மின்சாரக் கம்பத்தில் செருகினால், எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஹீட்டர் அங்கே ஓடும் தண்ணீரைச் சூடாக்கும்.

“இரவு மைனஸ் இருபத்தேழு. இதைச் செருகி இரண்டு மணி நேரமாவது ஆகாமல் சாவியைத் திருப்பாதே. எஞ்சினும் கிளம்பாது, பற்றரியும் செத்துப்போகும்” என்றார். தான் மகள் வீட்டுக்குப் போவதாகவும் நாளை மாலைதான் திரும்புவதாகவும் சொல்லிவிட்டுத் தன் ட்ரக்கில் ஏறிப் போனார்.

மாலை 5.00. வயரைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் தரைக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு தொடங்கியது. ஜெசிந்தா இரண்டு காலையும் கதிரைமேல் தூக்கிவைத்துக்கொண்டாள்.

“இஞ்சேரப்பா, கீழை ஆரோ கதைக்கினம்.”

“அது ஹீட்டர். தண்ணி சூடாகுது.”

“இல்லை. செபம் சொல்லுற மாதிரிக் கிடக்கு.”

சிரித்தேன். ஆனால் காதுகொடுத்துக் கேட்டபோது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. இடையிடையே மூச்சு எடுப்பதுபோல நின்று நின்று தொடர்ந்தது.

6.30. மெஷினைப் போட்டதும் எல்லாம் அணைந்தன. மெஷின், அறை ஹீட்டர், பிளொக் ஹீட்டர் மூன்றையும் அந்தக் கம்பம் தாங்கவில்லை.

“எஞ்சின்ரை வயரைக் கழட்டி விடுங்கோ. நாளைக்கு எங்களுக்கு என்ன அவசரம்?” என்றாள். கழற்றிவிட்டுக் கம்பத்தின் சுவிட்சை மறுபடி போட்டேன். மற்ற இரண்டும் ஓடத் தொடங்கின. முணுமுணுப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

ஞாயிறு, காலை 7.40. கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. பொருத்தமான சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் வரவேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். செருப்போடு பனிக்குள் ஓடி வயரைச் செருகினேன். டாக்ஸிக்காரன் தான் வந்துசேரவே மூன்று மணி நேரம் ஆகும் என்றான். ரொறன்ரோவுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். ஆகப் பிந்தினால் 9.50க்குக் கிளம்பவேண்டும். நேற்று அந்த வயரைக் கழற்றிய கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏரியும் வெள்ளை, வானமும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு காகம்கூட இல்லை. காலுக்குக் கீழே மறுபடியும் அந்த முணுமுணுப்பு. ஜெசிந்தா கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்திருந்தாள்.

“ஆரப்பா செத்தது?” என்றாள்.

“ஒருத்தரும் சாகேல்லை. என்ன கதைக்கிறாய்?”

“அப்ப எனக்கு எங்காலை கிட்னி? நேற்று நாங்கள் உந்த ஏரியைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை அந்த ஆள் உயிரோடை இருந்திருக்குமெல்லே.”

மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறோம். நாங்கள் கேட்டது என்ன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு அந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும் போல இருந்தது. நின்றுவிடுமோ என்றும் பயமாக இருந்தது. ஜெசிந்தா வாய்க்குள் செபிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் எது அவளுடைய குரல், எது கீழேயிருந்து வருவது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவளைத் தொட்டுப் பார்த்தேன்.

9.50. வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை முனகி அடங்கியது. ஜெசிந்தா கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை இருமியது, நடுங்கியது, பிடித்துக்கொண்டது. ஏரியைத் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினேன். 11.52க்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

இது நடந்து நான்கு மாதம். மெஷினைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். வீடு பெரிதாகிவிட்டதுபோல இருக்கிறது. கொடுத்தவர் யார் என்று சொல்லமாட்டார்கள். பெயர் போடாமல் ஒரு நன்றிக் கடிதம் மட்டும் ஆஸ்பத்திரி மூலமாக அந்தக் குடும்பத்துக்கு அனுப்பலாம். நீ தமிழில் எழுது, நான் இங்கிலீசில் மாற்றித் தருகிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். நேற்றுக் காலை குசினி மேசையில் பேனையோடு இருந்தாள். ஊருக்கு எழுதி எழுதிப் பழகிய கை, முதல் வரியைத் தானாகவே எழுதிவிட்டது: ‘நாங்கள் நலம். உங்கள் நலமறிய அவா.’

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘நாங்கள் நலம்’ என்பதை மட்டும் வெட்டினாள். மீதிக்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.