நான்கு முகமும் ஓர் அம்புக்குறியும்

ஐரோப்பாவில் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். நாட்டுக்கு ஒரு குழு பாடும், ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்க்கும். அதில் ஜெயித்தவர்கள் எப்படி உலகப் புகழ் பெறுகிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் நல்ல பனியன் துணி வேண்டும் என்றுதான் சொல்வேன். பாட்டெல்லாம் அப்புறம். எங்களுக்கு அந்தப் பாட்டு கடைசிவரை வந்து சேரவே இல்லை. பாடியவர்களின் முகங்கள் மட்டும்தான் வந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா ஒரு பெரிய கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டராக இருந்ததை விட்டுவிட்டு, திருப்பூர் வீரபாண்டியில் ஒரு தகர ஷெட்டைப் பிடித்து, டீ-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் யூனிட்டைத் தொடங்கியிருந்தார். கல்லூரியை முடித்திருந்த நான் அங்கே டெலிபோன் எடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். டெலிபோன் அடிக்காது என்பதால் வேலை சுலபம். பள்ளிக்கூட விளையாட்டு விழா, கட்சி மாநாடு என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒன்று அமையாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். வரும்போது அப்பா கொஞ்சம் வாயை விட்டுவிட்டு வந்திருந்ததால், அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இருக்க முடியாது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கோ கடல் தாண்டி நாலு பேர் அந்தப் போட்டியில் ஜெயித்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "ஊர் ஊரா கச்சேரி வச்சுட்டாங்க மாஸ்டர். அவங்க மேடை ஏறும்போது டீ-ஷர்ட் கடையில இருக்கணும். பெரிய யூனிட்ல எல்லாம் சீசன், ஆள் இல்லை. நீங்க முடிப்பீங்களா?"

"முடிச்சுப் போடலாமுங்க," என்றார் அப்பா. நாலு பேரின் பெயர்களை ஏஜெண்ட் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. நெட்டையன், சுருட்டைத்தலையன், கொண்டைக்காரி, சின்னப் பொண்ணு என்று அவரே பெயர் வைத்துவிட்டார். ஷெட்டில் அதுவே நிலைத்தது.

வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து அப்ரூவ் ஆன சாம்பிள் வந்தது. எங்கள் தொழிலில் அப்ரூவ் ஆன சாம்பிள் என்றால் சாமிக்குச் சமம். அதைப் பாலித்தீன் கவரோடு ஆணியில் மாட்டிவைப்பார்கள். கண்ணால் பார்க்கலாம், கை படக்கூடாது. அதில் இருப்பது போலவே எல்லாப் பீஸும் இருக்க வேண்டும். சாம்பிளில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால் எல்லாப் பீஸிலும் ஒரு நூலைப் பிரித்துத் தொங்கவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

அந்தச் சாம்பிளில், ஓரத்தில் நின்ற சின்னப் பொண்ணின் தாடையைப் பார்த்து ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்தது. ஏஜெண்ட் மூன்று கலர் என்றுதான் சொல்லியிருந்தார். "சிவப்பைச் சொல்ல மறந்திருப்பாரு," என்று அப்பா முடிவு கட்டி, கலருக்கு ஒன்றாக இருந்த மூன்று அச்சு ஸ்கிரீன்களோடு அம்புக்கென்று தனியாக நாலாவது ஸ்கிரீன் போட்டார். கேட்டுவிடலாமே என்றேன். "இதுகூடத் தெரியலையான்னு நெனைப்பாரு அம்மிணி" என்று வாயை அடைத்துவிட்டார். அம்புக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் ஷெட்டே மும்முரமானது. சின்னப் பொண்ணுதான் லீடர் என்றார் ஒருவர். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கான குறி என்றார் மை கலக்குகிறவர். வெளிநாட்டுக்காரர்களின் டிசைனே அப்படித்தான் என்று நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். சரக்கைச் சோதிக்க வந்தவர் சாம்பிளையும் பீஸையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. பாஸ் போட்டுவிட்டுப் போனார்.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஏஜெண்ட் ஃபேக்ஸோடு வந்தார். வண்டியைக்கூட ஸ்டாண்டு போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"அம்பு எங்கிருந்து வந்துச்சு மாஸ்டர்?"

"சாம்பிள்ல இருக்குதுங்களே," என்று அப்பா தைரியமாகக் காட்டினார். ஏஜெண்ட் கவரைப் பிரித்து, அம்பை நகத்தால் சுரண்டினார். அது உரிந்து அவர் விரலோடு வந்துவிட்டது. தாடையில் மை கொஞ்சம் மங்கல் என்று சென்னையில் எவரோ ஒட்டிய ஸ்டிக்கர். செக்கிங்கில் டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதேதான். திருப்பூரில் அதைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அப்ரூவ் ஆன சாம்பிளில் டேமேஜ் இருக்கும் என்று நினைக்க எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

சரக்கை ஏற்றுக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று கம்பெனி யோசிப்பதாகச் சொல்லிவிட்டு ஏஜெண்ட் போய்விட்டார். திரும்பி வந்தால் யூனிட் அவ்வளவுதான். அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அவிநாசி கோயிலுக்குப் போய் அந்த நாலு பேர் நன்றாகப் பாட வேண்டும் என்று அர்ச்சனை செய்தார். கச்சேரி களைகட்டினால் கூட்டம் அம்பைக் கவனிக்காது என்பது அவர் கணக்கு. பெயர், நட்சத்திரம் கேட்ட அர்ச்சகரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "சாமி பேருக்கே பண்ணிப்போடுங்க" என்றாராம்.

"ஏனுங்க, பெத்த பொண்ணு பரீட்சை எழுதினப்போ ஒரு நாளாச்சும் அர்ச்சனை பண்ணுனீங்களா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த முறை ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே வந்தார். சின்னப் பொண்ணு அந்தப் பீஸை எடுத்து மாட்டிக்கொண்டு மேடை ஏறினாளாம். அம்பைக் காட்டிக் காட்டி ஏதோ வேடிக்கையாகப் பேசினாளாம். மறுநாளே கடையில் சரக்கு காலி. "இன்னும் வேணுமாம் மாஸ்டர். அம்பு கண்டிப்பா இருக்கணுமாம்."

பிறகு ஷெட் இரண்டு ஷிப்ட் ஓடியது. அவர்களுடைய புகழ் எந்த நாட்டை எட்டியிருக்கிறது என்பதை நாங்கள் சைஸை வைத்தே சொல்லிவிடுவோம். சின்னச் சின்னதாக வந்தால் ஜப்பான். எங்கள் ஷெட் ஆட்கள் இரண்டு பேர் ஒன்றாக உள்ளே நுழையலாம் என்கிற அளவில் வந்தால் அமெரிக்கா. அப்பா பழைய முதலாளியைக் கல்யாண வீடுகளில் பார்த்தால் வலியப் போய் வணக்கம் வைக்கத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் வந்த ஆர்டரில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. சின்னப் பொண்ணு. "குரூப் பிரிஞ்சு போச்சு மாஸ்டர். போற எடமெல்லாம் ஜனங்க இந்தப் பொண்ணு பேரையே சொல்லிக் கூப்பிட்டாங்களாம். மத்தவங்களுக்குத் தாங்கலை. இப்ப தனியாப் பாடுறா. ஆர்டர் போன வருஷத்தைவிடப் பெரிசு."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா மட்டும் அந்த ஒற்றை முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல நின்னுட்டிருந்த புள்ளைதானுங்க அது. நாமதான் ஊருக்கே காட்டிக் குடுத்துப்போட்டோம்," என்றார் கடைசியில். உங்கள் பனியனுக்காகவா உலகத்தில் குழுக்கள் உடைகின்றன என்று கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. தன் யூனிட் பிழைத்ததற்காக மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்க ஆசைப்பட்டு, வழி தெரியாமல் நின்றார் அந்த மனிதர். எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

ஃபேக்ஸில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் ஏஜெண்ட். மை, துணி என்று கேட்டுவிட்டு அப்பா தயங்கினார். "மத்த மூணு பேரும் இப்ப என்ன பண்றாங்கன்னு ஒரு வரி கேட்டுப்போடுங்க சார்."

ஏஜெண்ட் சிரித்தார். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

பதில் வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஃபேக்ஸைப் படித்துச் சொல்வது என் வேலை. மையைப் பற்றி எழுதியிருந்தார்கள், துணியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதோடு முடிந்துவிட்டது. அப்பா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "மத்த மூணு பேரும் சேர்ந்து புதுப் பாட்டு எழுதுறாங்களாம்ப்பா. நல்லாருக்காங்களாம்," என்று படித்தேன்.

"அப்பச் சரி அம்மிணி," என்றார். "அவங்களுக்கும் நாமளே அடிச்சுக் குடுக்கோணும்."

அதற்குப் பிறகுதான் புது ஆர்டருக்கு டேபிளில் பீஸை விரிக்கச் சொன்னார்.