டார்லாவுக்காக எழுதிய விளம்பரம்

பல்கலைக்கழகத்தில் வேலைக்கு விளம்பரம் வரும் முன்பே ஆள் வந்துவிடும். பேராசிரியர் யாரை மனதில் வைத்திருக்கிறாரோ, அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி விளம்பரத்தை எழுதுவார். மற்றவர்கள் விண்ணப்பம் போட்டு ஏமாற வேண்டியதுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் வளாகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். டார்லா ஹென்ஸ்லிக்கும் தெரியும். தெரிந்ததுதான் அவளைக் கெடுத்தது.

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டிடத்தின் அடித்தளத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கூண்டு கழுவுவாள், தீனி வைப்பாள், நோயில் சுருண்டு கிடக்கும் எலியைக் கண்டு சொல்வாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் ஊழியரின் பிள்ளைக்கு அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. அதற்காகத்தான் புருஷன் விட்டுப்போன பிறகும் அந்த நாற்றத்தில் கிடந்தாள். மகள் காசிடி அங்கேயே நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது. டார்லாவுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. எலிகளை வாயு செலுத்திக் கொல்வதும் அவள் தலையில்தான் விழுந்தது. எல்லாம் முடிந்த அன்று, அந்த ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் விட்லாக் அவளைக் கூப்பிட்டார்.

"மனச விட்டுடாதீங்க டார்லா. புது நிதி வருது. அடுத்த வேலைய உங்களுக்குன்னே எழுதிப் போட்டிருக்கேன். படிச்சுப் பாருங்க, உங்க பேரு மட்டுந்தான் இல்ல."

"நெசமாவா டாக்டர்?"

"நான் எப்பவாவது உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. நல்ல மனுஷர். அதனால்தான் அவள் முழுசாக நம்பினாள்.

மறுவாரம் பணியாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேலை போனவர்களுக்குத்தான் வளாகத்தில் காலியாகும் இடத்தை முதலில் கொடுப்பார்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் அந்தச் சலுகை போச்சு.

"மாணவர் விடுதில சுத்தம் பண்ற வேலைங்க. மேப்பிள் ஹால். வர்றீங்களா?"

காசிடி தங்கியிருக்கும் விடுதி. மகளின் தோழிகள் பல் தேய்த்துக்கொண்டிருக்க, அவர்கள் காலடியில் தான் தரை துடைப்பதை டார்லா நினைத்துப் பார்த்தாள். உடம்பு கூசியது.

"வேண்டாங்க. எனக்கு லேப்ல வேலை வருது."

"கையில வந்துருச்சா மேடம்? வேண்டாம்னா உங்க பேர எடுத்துருவோம். யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துக்கோங்க."

புது நிதி வரவில்லை. விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். "மன்னிச்சிருங்க டார்லா" என்றார் விட்லாக். பணியாளர் அலுவலகத்துக்கு ஓடினாள். மேப்பிள் ஹாலுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. "அன்னிக்கே சொன்னேனே மேடம்" என்றார் போனில் பேசிய அதே ஆள்.

கிறிஸ்துமஸோடு அந்தப் பருவப் படிப்பும் கட்டணச் சலுகையும் முடிந்தன. வெளியே கடன் வாங்கிப் படிக்க வைக்க வழியில்லை. விடுதி அறையில் தாயும் மகளும் சாமான் கட்டினார்கள்.

"இங்க வேலை குடுத்தாங்களாமே. ஏம்மா வேண்டாம்னே?"

"லேப் வேலை வந்துரும்னு நெனச்சேன்டி."

"அது மட்டுந்தானா?"

டார்லா போர்வையை மடித்துக்கொண்டே இருந்தாள். "உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னால நான் மாப்பும் கையுமா நின்னா உனக்கு அசிங்கமா இருக்காதா?"

"நீ எலிக்கூண்டு கழுவறேன்னு அவங்க எல்லாருக்கும் தெரியும். நாந்தான் சொன்னேன். எனக்கு எதுக்கு அசிங்கம்?" காசிடி பெட்டியை அழுத்தி மூடினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. டார்லா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். காசிடி தேற்ற வரவில்லை. கனமான பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.