மாதங்கி மாட்டிய சிவப்புச் சீட்டு

ஜனவரி ஒன்பதாம் தேதி மாதங்கி வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. ஏழு வருஷ வைத்தியத்துக்குப் பிறகு உண்டான கரு, ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் தில்லி கரோல் பாக் வீட்டின் மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் காலை பத்தா, மாலை நாலா என்றே அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போனால் மணியாவது தெரியும் என்று கிளம்பிவிட்டாள்.

கிடங்குகளில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, கல்யாணமாகி தில்லி வந்தவள், பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். தேயாத வண்டி கிடையாது. எவ்வளவு தேய்ந்தால் இன்னும் ஓட்டலாம், எதற்கு மேல் தொடக்கூடாது என்று சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம்.

அளப்பதில் அவள் கை சுத்தம். குறை வேறு இடத்தில் இருந்தது. யாராவது குரலை உயர்த்தினால் அவளுக்கு வயிற்றைக் கலக்கும். அளவு எல்லையை ஒட்டி நிற்கும் நேரத்தில் மேனேஜர் சத்தம் போட்டால், ‘மூன்று மாதத்தில் மறுபரிசோதனை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பொய்யாக ஓர் அளவும் எழுதியதில்லை. இன்னொரு தரம் அளக்க வேண்டிய இடத்தில் அளக்காமல் எழுந்து வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அன்று நரேலா பக்கம் ஒரு டைல்ஸ் கிடங்கு. பனிமூட்டத்தில் டாக்ஸி ஊர்ந்து போய்ச் சேர பதினொரு மணி ஆகிவிட்டது. ராம்சரண் என்ற ஓட்டுநர் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தான். ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரங்கள். அவற்றை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சக்கரம் திரும்பும் அச்சாணியான ஸ்டியரிங் பின்னில் ஆட்டம் இருந்தது. நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் எல்லைக்குள்தான் இருந்தது. எழுதிக்கொண்டாள்.

அடுத்தது மாஸ்ட். சரக்கைத் தூக்கும் அந்த நெடிய இரும்புச் சட்டம் அடியில் இரண்டு பின்களில்தான் முன்னும் பின்னும் சாய்கிறது. பின்னைச் சுற்றி புஷ் என்ற உலோக வளையம் இருக்கும். நாள்பட அது தேயும். அந்த வண்டியின் கையேடு அனுமதித்த ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டர். இடது பக்கம் ஒன்று புள்ளி நாலு வந்தது.

மேனேஜர் மல்ஹோத்ரா தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். “எல்லைக்குள்ளதானே மேடம் இருக்கு? ஜல்தி. வெளியே மூணு லாரி நிக்குது,” என்றார் இந்தியில்.

மாஸ்ட் நேராக நிற்கும்போது அதன் கனமே பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். ஆட்டம் முழுசாக வெளியே தெரியாது. மாதங்கிக்கு இது எப்போதும் தெரிந்த விஷயம். ராம்சரணிடம் மாஸ்ட்டை லேசாக முன்னால் சாய்த்து, வண்டியை அணைத்துவிட்டு இறங்கச் சொன்னாள். கடப்பாரையை நுழைத்து நெம்பினாள். கேஜின் முள் ஒன்று புள்ளி ஒன்பதில் போய் நின்றது.

பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து ஸ்டியரிங்கில் மாட்டினாள். இனி புஷ் மாற்றும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

மல்ஹோத்ரா கத்தினார். பதினோரு வருஷமாக இந்த வண்டி ஓடுகிறது என்றார். உங்கள் ஆபீசோடு ஒப்பந்தத்தையே ரத்து செய்வேன் என்றார். மாதங்கி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் ஒரு பல்லுக்கு உலோகத் தொப்பி போட்டிருந்தார். வயிறு கலங்கவில்லை. அங்கே எதுவுமே இல்லை.

டாக்ஸியில் திரும்பும்போது ஆபீசிலிருந்து ஆல்பர்ட் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், அவளுடைய மேலதிகாரி.

“மாதங்கி, அந்த ஆளு போன்ல கெடந்து குதிக்கான் கேட்டியா. நாலு பாயிண்டுக்குப் போயி வண்டிய நிறுத்தணுமா? ஒரு மூணு மாசம் எழுதிக் குடுத்திருக்கலாம்லா?”

“ஒன்னு புள்ளி ஒம்போது சார்.”

“அது சரிதான். இருந்தாலும்...”

“ஒன்னு புள்ளி ஒம்போது,” என்றாள் மறுபடியும். அவர் வைத்துவிட்டார்.

எட்டு நாள் கழித்து மல்ஹோத்ராவே ஆபீசுக்குப் போன் செய்தார். மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் புஷ் இரண்டாகப் பிளந்திருந்ததாம். பின்னிலும் கீறல். டைல்ஸ் பெட்டியோடு மாஸ்ட் சரிந்திருந்தால் ராம்சரண் இருந்திருக்க மாட்டான். ஆல்பர்ட் கோல் மார்க்கெட்டிலிருந்து ஸ்வீட் வரவழைத்து எல்லார் முன்னாலும் சொன்னார்: “இந்தத் தைரியம் நமக்கெல்லாம் வரணும்.”

மாதங்கி ஒரு துண்டு பர்ஃபியை வாயில் போட்டுக்கொண்டாள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல நினைத்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாததால் கை கழுவப் போனாள். ராம்சரண் பிழைத்தது நல்ல விஷயம் என்று அறிவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரியும் பிப்ரவரியும் அப்படியே போயின. அந்த இரண்டு மாதத்தில் ஒன்பது வண்டிகளுக்குச் சிவப்புச் சீட்டு மாட்டினாள். கடுமையான ஆள் என்று பெயர் வந்தது. வீட்டில் அவளும் கணவன் ஸ்ரீதரும் காய்கறி, காஸ் சிலிண்டர் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஸ்ரீதர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை. அவனும் கரு கலைந்ததைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

மார்ச் முதல் வாரம் ஓக்லாவில் ஒரு கிடங்கு. ஸ்டியரிங் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. மாதங்கி சீட்டை எடுத்தபோது அங்கிருந்த சூப்பர்வைசர் மேஜையை ஓங்கித் தட்டினான். சட்டென்று அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. விரல் நடுங்கியதில் சீட்டின் கயிறு துளைக்குள் நுழையவில்லை. மூன்றாவது முறை நுழைந்தது. மாட்டிவிட்டு வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் முகம் கழுவினாள்.

சாயங்காலம் ஸ்ரீதர் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு எனக்குப் பயமா இருந்துச்சு,” என்றாள்.

“அரே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“எப்பவும் கத்துற மாதிரிதான் கத்துனான். ரெண்டு மாசமா யாரு கத்துனாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. இன்னிக்குக் கை நடுங்கிருச்சு.”

ஸ்ரீதர் அடுப்பை அணைத்தான். பால் பாத்திரத்தை இறக்கி மேடையில் வைத்தான்.

“மாது, நான் இப்போ அந்த ஆஸ்பத்திரி ரோட்டுல போறதே இல்ல,” என்றான். “ஆபீசுக்கு ரெண்டு மெட்ரோ மாறிப் போறேன். இருபது நிமிஷம் ஜாஸ்தி. உன்கிட்ட சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“நீ ஸ்ட்ராங்கா இருக்கேன்னு நெனச்சேன்.”

மாதங்கி சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். அவள் அழவில்லை. அழுகை வருமா என்று காத்திருந்தாள், வரவில்லை. முழங்கால் வலித்தது. தரை சில்லென்று இருந்தது. குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாய் என்று ஸ்ரீதர் கேட்டான். அவள் சொன்னாள்.