விலகியோர் பட்டியலில் இல்லாத எண்

"அம்மாவுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு போல" என்று ஒரு வெள்ளிக்கிழமை பெரியவள் சொன்னாள். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நேரில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், நீங்கள் பயந்துவிடுவீர்கள். எழுதினால் முடியாத இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம்.

அம்மா சவூதியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டது அவள் இஷ்டத்தினால் அல்ல. என் தப்பினால். அது எப்படி என்று சொல்ல, முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்கிறீர்கள். உண்மையில் நான் பார்ப்பது மெசேஜ். பாளையங்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் போன் நம்பர்கள் எல்லாம் பட்டியல் பட்டியலாக என்னிடம் இருக்கின்றன. சர்க்கரைக்காரர்கள் ஒரு பட்டியல், கண் ஒரு பட்டியல், பிரசவத்துக்குப் பதிந்தவர்கள் ஒரு பட்டியல். எந்தப் பட்டியலுக்கு என்று தேர்ந்தெடுத்து ஒரு தட்டுத் தட்டினால் ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். வாசகத்தை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்கிய வாசகம்தான் போகும். தேதி, நேரம், பிரிவு, குறிப்பு என்று விட்டிருக்கும் காலியிடங்களை மட்டும் நாங்கள் நிரப்புவோம்.

வேலை சுலபம். பட்டியல் மாறினால்தான் வினை. சேர்ந்த புதிதில், "நாளை காலை வெறும் வயிற்றுடன் வரவும்" என்பதைச் சர்க்கரைப் பட்டியலுக்கு அனுப்புவதற்குப் பதில் கண் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் களக்காட்டிலிருந்தும் கூடங்குளத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து, காப்பி கூடக் குடிக்காமல் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏன்வே, கண்ணு பாக்கதுக்கு வயித்த எதுக்குக் காயப் போடச் சொன்னீரு? கண்ணு என்ன வயித்துலயா இருக்கு?"

"தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி. கேண்டீன்ல போய்ச் சாப்பிடுங்க."

"அங்கன இட்லி தீந்து அரை மணி நேரம் ஆச்சு. நீரு போய் அவிச்சுக் கொண்டாரும்."

அன்றைக்கு உங்கள் அம்மா ஆண்கள் வார்டில் டூட்டி. விஷயம் கேள்விப்பட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் இரண்டு தடவை தேவையில்லாமல் நடந்து போனாள். எனக்கு அவளோடு பேச்சு ஏற்பட்டதே அந்த இட்லியால்தான். அவள் நர்சிங் படித்தவள். நான் பத்தாவதும் டைப்ரைட்டிங்கும். அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பணியாளர்களுக்கும் இரண்டு பட்டியல் உண்டு. 'பணியில் இருப்போர்', 'விலகியோர்.' தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மறுநாள் டூட்டி விவரம் பணியில் இருப்போருக்குப் போகும். யாராவது வேலையை விட்டால், அவர் நம்பரை அன்றைக்கே விலகியோர் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். இது என் பொறுப்பு.

வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், உங்களைப் படிக்க வைக்க வேண்டும் என்று அம்மா இங்கே வேலையை விட்டுவிட்டுச் சவூதிக்குப் புறப்பட்டபோது சின்னவளுக்கு நாலு வயது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில், உள்ளே போகிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டு அவள் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள்.

"நம்ம ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்து என் நம்பரை எடுத்துராதீய. அந்த மெசேஜ் வந்தா, நாளைக்கு டூட்டிக்குப் போணும்னு தோணும். இங்கனயே இருக்க மாதிரி இருக்கும்."

சரி என்றேன்.

"இன்னொண்ணு. வான்னு ஒரு நாளும் சொல்லிராதீய. நீங்க சொன்னா நான் மறுநாளே கெளம்பிருவேன். வந்த காரியம் பாதியில நின்னுரும். ரெண்டு வருசம் கழிச்சு, நம்ம ஆஸ்பத்திரியில திரும்ப எடம் கெடைச்சா நானே வந்துருதேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்பிடாது."

அதற்கும் சரி என்றேன். இரண்டு வாக்கையும் காப்பாற்றினேன். அதுதான் தப்பாகப் போனது.

அவள் நம்பரை நான் மாற்றவில்லை. அங்கே மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் ஐந்து மணி மெசேஜ் அவளுக்குப் போகும். பேங்க் விஷயத்துக்காக நம் ஊர் சிம்மை அவள் போனில் வைத்திருந்தாள். 'நாளை தேரோட்டம். டவுன் வழியாக வருவோர் அரை மணி முன்னதாகப் புறப்படவும்' என்று போகும். 'நாளை காலை மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படும்' என்று போகும். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அன்றைக்கு வீடியோவில் வரும்போது, "தொட்டிய இப்பமாவது கழுவுனாவளே" என்பாள். உங்களிடம் பரீட்சை, சடை, பல் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம், "ஆத்துல தண்ணி எப்படிப் போகுது?" என்று கேட்பாள். எப்போதும் அதைக் கேட்பாள். பாலத்தில் வரும்போது பார்த்ததை நான் சொல்வேன். வேறு என்ன பேச என்று எனக்குத் தெரியாது. வான்னு சொல்லக் கூடாது என்றால், மீதி எல்லாப் பேச்சும் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும்.

இரண்டு வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது, எங்கள் நர்சிங் சூப்பிரண்டு அம்மா என் ஜன்னலுக்கு வந்தார்கள். "டயாலிசிஸுக்குப் புது வார்டு தொறக்கோம். அனுபவம் உள்ள பிள்ளைக வேணும். இங்கன வேலை பாத்துட்டுப் போனவளுகளுக்கு எல்லாம் ஒரு மெசேஜ் போடுங்க அண்ணாச்சி. யார் மொதல்ல சொல்லுதாளோ அவளுக்கு எடம்."

புது வாசகம் என்பதால் பதிவு செய்து அனுமதி வர நாலைந்து நாள் ஆனது. அந்த நாட்களில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து சுவரை வெறுமனே பார்த்துக்கொண்டு சிரித்தேன். சின்னவள் கூட, "எப்பா, பல்லி ஏதும் பேசுதா?" என்று கேட்டாள்.

அனுமதி வந்தது. 'புதிய பிரிவு தொடங்கப்படுகிறது. முன்பு பணியாற்றிய செவிலியர் மீண்டும் சேர விரும்பினால் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' விலகியோர் பட்டியலைத் தேர்ந்தெடுத்தேன். தட்டினேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் பச்சையாகக் காட்டியது.

நான் வா என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. இனி அவள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உங்களிடம் பேசினாள். மாவு புளிக்கிறதா என்று கேட்டாள். கடைசியில், "ஆஸ்பத்திரியில விசேஷம் ஏதும் உண்டா?" என்றாள்.

மெசேஜைப் பார்த்துவிட்டு என் வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்தேன். நான் ஆமாம், இடம் இருக்கிறது என்றால், அது வா என்று சொன்னதாகத்தானே ஆகும்?

"எல்லாம் வழக்கம்போலத்தான்" என்றேன்.

"அப்படியா" என்றாள். "ஆத்துல தண்ணி?"

"கொறைஞ்சிருக்கு."

பத்து நாளும் நான் போனை மேசையில் நிமிர்த்தியே வைத்திருந்தேன். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். கல்யாணமாகி நாகர்கோவில் போனவள் ஒருத்தி, பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவள் ஒருத்தி. இடம் நிரம்பியது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அங்கேயே இருக்கத் தோன்றிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் வரவில்லை. பசி நின்றுபோயிற்று.

கெடு முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை சொன்னாள். "இங்க கையெழுத்துக் கேக்காவ. இன்னும் ரெண்டு வருசத்துக்கு. என்ன செய்யட்டும்?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டமா?"

"ஆமா. நீ என்ன நெனைச்சிருக்கியோ அப்படியே செய்."

"சரி. அப்பம் போட்டுருதேன்."

பெரியவளே, அப்போது நீ பக்கத்தில் இருந்தாய். போன் வைத்த பிறகுதான், அங்கதான் பிடிச்சிருக்கு போல என்ற அந்த வார்த்தையைச் சொன்னாய். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் போன் வந்தால் படிக்கிற மாதிரி மாடிக்குப் போய்விட்டாய். அம்மா, "பெரியவ எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் நான் டியூஷன் என்று பொய் சொன்னேன். நானும் மனதுக்குள் உன் வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால், உன்னைத் திட்ட முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புது வார்டு திறந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல டூட்டி மெசேஜ் அனுப்பினேன். அதில் முதல் தடவையாக டயாலிசிஸ் பிரிவு என்று ஒரு வரி இருந்தது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. வேலை நேரத்தில் அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. யாருக்கோ என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"புது வார்டு எப்பம் தொறந்தாவ?"

"இன்னைக்குத்தான்."

"ஆள் எங்கன இருந்து எடுத்தாவ?"

"பழைய ஆளுகளத்தான். அதான் எல்லாருக்கும் மெசேஜ் போட்டேனே. ஒனக்கும் வந்திருக்கும்லா."

"எனக்கு வரலையே."

விலகியோர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அவள் நம்பர் அதில் இல்லை. எப்படி இருக்கும்? நான்தானே இரண்டு வருஷமாக அவளைப் பணியில் இருப்பவளாகவே வைத்திருந்தேன். தினமும் ஐந்து மணிக்கு அவளுக்கு மெசேஜ் போகிறது என்ற நினைப்பிலேயே இருந்தவனுக்கு, அந்த ஒரு மெசேஜ் மட்டும் போகாது என்று உறைக்கவில்லை.

சொன்னேன். அவளுக்குப் பின்னால் ஏதோ மெஷின் கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு விசேஷம் உண்டான்னு கேட்டேம்லா" என்றாள்.

"நீ பாத்துட்டுத்தான் கேக்கேன்னு நெனைச்சேன்."

"எடம் ஏதும் உண்டான்னு நேரா கேட்டா, நீங்க அங்கன யாரு கால்லயும் போய் விழுவியளோன்னுதான் சுத்தி வளைச்சுக் கேட்டேன். வழக்கம்போலத்தான்னு சொன்னிய. சரி, எடம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

"நான் வான்னு சொல்லிரப்பிடாதுன்னு..."

"நல்லாச் சொன்னிய போங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "வேலையில இருக்கவளுக்கு, வேலைக்கு வான்னு மெசேஜ் எப்படி வரும்? நம்மள மாதிரி ரெண்டு பேரு இந்த ஜில்லாவுல கெடையாது."

கையெழுத்துப் போட்டது போட்டதுதான். முன்னதாக விடுவிக்கச் சொல்லி அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதில் இல்லை. இங்கே சூப்பிரண்டு அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன நாளு வேலை பாக்கீரு, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்று திட்டினார்கள். இனி ஒரு இடம் வந்தால் முதலில் அவளிடம்தான் கேட்போம் என்றும் சொன்னார்கள். வரும் என்று நிச்சயம் இல்லை.

போன வாரம் அவளிடம் கேட்டுவிட்டு, அவள் நம்பரை விலகியோர் பட்டியலுக்கு மாற்றினேன். "மாத்திருங்க. இனிமே எது வந்தாலும் எனக்கு வரட்டும்" என்றாள். மாற்றுகிற வேலை அரை நிமிஷம்தான். நான் எழுந்து போய் வாசலில் நின்று, ஓபி சீட்டு வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து செய்தேன்.

அன்று ஐந்து மணி மெசேஜ் அவளுக்குப் போகவில்லை. என் சொந்தப் போனை எடுத்தேன். இதற்கு அனுமதி வாங்கிய வாசகமும் கிடையாது, நிரப்பக் காலியிடமும் கிடையாது. என்ன எழுத என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு 'வா' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவள் டூட்டி முடித்து அறைக்குப் போன பிறகு பதில் வந்தது. 'இதை ரெண்டு மாசத்துக்கு முன்ன அனுப்பியிருக்கப்பிடாதா' என்று ஒன்று. அதன் பின்னாலேயே இன்னொன்று: 'பெரியவகிட்ட நீங்களே எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் சொன்னா சமாதானம் சொல்லுதேன்னு நெனைப்பா.'

சொல்லிவிட்டேன்.